என்ன படிக்கிறீர்கள் என்று கேட்பவருக்கு: வாசிப்பை இணையத்தில் பகிரும் முறை

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். அந்த நீண்ட பட்டியலைக் கேட்டு முதலியார் அசையவில்லை. அதன்பின் அவர் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதும், கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் பாடம் சொல்லக் கேட்டுக்கொண்டதும், 1887இல் சாமிநாதையர் அந்தக் காப்பியத்தைப் பதிப்பித்து வெளியிட்டதும் தமிழ் வாசகர் அறிந்த வரலாறு.

ஒரு நூலை மற்றொருவருக்குச் சொல்வதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்திப்புதான் நினைவுக்கு வருகிறது. படித்தவை அனைத்தையும் அடுக்கிய பட்டியல் அன்று எதையும் நகர்த்தவில்லை. சரியான ஆளிடம் சரியான நூலைக் குறித்துக் கேட்ட ஒரே கேள்விதான் நகர்த்தியது. இன்று வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ, வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்திலோ நாம் படிப்பதைப் பகிரும்போதும் இதே நிலைதான். நம் பதிவைப் பார்க்கும் நூறு பேரில் அந்த நூல் யாருக்கானதோ அவர் அதை அடையாளம் கண்டு, தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். பகிர்வதற்கு இதைத் தவிர வேறு பயன் இருப்பதாக நான் கருதவில்லை. கீழே சொல்லியிருப்பவை அனைத்தும் இந்த ஒன்றை நோக்கியவையே.

படித்துக்கொண்டிருக்கும் நூலைச் சொல்லும்போது

நூலைக் கையில் எடுத்த அன்றே அட்டைப்படத்தைப் பதிவிட்டு, 'இன்று தொடங்குகிறேன்' என்று எழுதுவது நம்மில் பலருடைய வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் அந்தப் பதிவிலிருந்து பிறருக்குக் கிடைப்பது அட்டை மட்டுமே. நூலின் கால்பங்கைக் கடந்த பிறகு எழுதினால் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும், அதே சமயம் முடிவு தெரியாத ஆவலும் எழுத்தில் நிற்கும். நடுவில் எழுதும் குறிப்புக்கு உள்ள உயிர், முடித்த பிறகு எழுதும் குறிப்புக்கு வாய்ப்பதில்லை.

எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பக்க எண்ணால் சொல்வதைக் காட்டிலும் அத்தியாய எண்ணால் சொல்வது நல்லது. கிளை நூலகத்தில் எடுத்த பழைய பதிப்பில் 112ஆம் பக்கத்தில் வரும் காட்சி, இப்போது கடையில் கிடைக்கும் பதிப்பில் வேறெங்கோ இருக்கும்; கிண்டிலில் படிப்பவருக்கோ பெரும்பாலும் விழுக்காடுதான் தெரியும். அத்தியாயம் எல்லாருக்கும் பொது. கூடவே, இந்த நூலை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். யாரோ சொன்னதாலா, நூலக அலமாரியில் கண்ணில் பட்டதாலா, முன்பு பாதியில் விட்டதாலா என்பது தெரிந்தால், வாசிப்பவர் உங்கள் கருத்தை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று தாமே முடிவு செய்துகொள்வார்.

எங்கள் காவிரி டெல்டாப் பக்கத்தில் வாசிப்புக்கும் பருவம் உண்டு. மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் வயல்வேலை உள்ளவர்கள் பல நாட்கள் நூலைத் தொடுவதில்லை. அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் இரவுகளில், தார்ப்பாயின் மேல் சாய்ந்தபடி கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு நாவலை முடித்தவர்களை நான் அறிவேன். ஆகவே ஒருவர் மூன்று வாரமாக ஒரே நூலில் நிற்கிறார் என்றால், 'இன்னும் முடிக்கவில்லையா?' என்று குழுவில் கேட்காதீர்கள். எத்தனை நூல் என்ற எண்ணிக்கையை ஆண்டுக் கடைசியில் போட்டிபோல் வெளியிடுவதையும் நான் தவிர்க்கிறேன். அது பக்கம் குறைந்த நூல்களைத் தேடிப் போக வைக்கிறது.

குறிப்பை எழுதுவது

'அருமையான நூல். அனைவரும் அவசியம் படிக்க வேண்டும்' என்ற இரண்டு வரிகளை எந்த நூலுக்கும் எழுதலாம். எந்த நூலுக்கும் எழுத முடிந்த வரி எந்த நூலைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. இதற்கு மாறாக ஒரு குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு, உ.வே.சா.வின் தன்வரலாற்றைப் படித்தபோது நான் எழுதியதை இங்கே தருகிறேன்:

'என் சரித்திரம் படித்துக்கொண்டிருக்கிறேன். மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்திருக்கும் பகுதியில் இருக்கிறேன். உத்தமதானபுரத்திலிருந்து குடும்பம் அரியலூர், குன்னம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும் முற்பகுதி நிதானமாகத்தான் செல்கிறது; அவசரம் உள்ளவர்களுக்கு அது பொறுமையைச் சோதிக்கும். வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சிறியவை, ஓர் இரவுக்கு இரண்டு எளிதாக முடிகின்றன. பிள்ளையவர்கள் செய்யுளை மனத்திலேயே இயற்றி வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதும் இடத்தை இரண்டு முறை படித்தேன். ஆசிரியர் மறைந்ததால் நூல் இடையிலேயே நின்றுவிடுகிறது. அதை அறிந்துகொண்டு தொடங்குவது நல்லது. ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர்கள் வேறு யாரையும்விட இதை விரும்புவார்கள் என்று நினைக்கிறேன். பிள்ளையவர்களிடம் சேரும் வரை இவர் பட்ட அலைச்சலைப் படித்தபோது உங்களுக்கு எந்த ஆசிரியர் நினைவுக்கு வந்தார்?'

இந்தக் குறிப்பில் புகழுரை ஏறக்குறைய இல்லை. நூல் எந்த வேகத்தில் செல்கிறது, எப்படிப் பிரித்துப் படிக்கலாம், எங்கே பொறுமை தேவை, எந்த ஓர் இடம் நெஞ்சில் நின்றது, யாருக்கு ஏற்றது என்பவை இருக்கின்றன. குறை என்று படுவதையும் சேர்த்துச் சொன்னதால்தான், விரும்பியதைச் சொல்லும்போது பிறர் நம்புகிறார்கள். கடைசியில் உள்ள கேள்வியைக் கவனியுங்கள்: 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டால் 'அருமை' என்ற பதிலே வரும். தம் வாழ்விலிருந்து பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டால் நூலைப் படிக்காதவரும் பேச்சில் கலந்துகொள்வார், அவர்களில் ஒருவராவது பின்னர் நூலைத் தேடிப் போவார். இந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தங்கள் ஆசிரியர்களைப் பற்றி எழுதினார்கள். அவற்றில் ஒன்று என் குறிப்பைக் காட்டிலும் நீளமாகவும் நன்றாகவும் இருந்தது.

மேற்கோள் எடுத்தாள்வதென்றால் இரண்டு மூன்று வரி போதும். முழுப் பக்கங்களைப் படமெடுத்து வரிசையாகப் போடுவது ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் செய்யும் தீங்கு. படிப்பவருக்கும் அந்தப் பக்கங்கள் துண்டாகக் கிடைப்பதால் சுவை போய்விடுகிறது.

பெயரும் படமும்

இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் நல்ல பதிவுகள் பல இதனால்தான் யார் கண்ணிலும் படாமல் போகின்றன. நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தட்டச்சு செய்து எழுதுங்கள். அட்டைப் படத்தில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து அந்தப் பெயரைக் குழுவில் தேடுபவருக்கு உங்கள் பதிவு அகப்படாது. திரைவாசிப்பான் துணையால் படிக்கும் பார்வையற்ற வாசகருக்கோ அது வெறும் படம். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'தி. ஜானகிராமன்', 'தி.ஜானகிராமன்', 'தி.ஜா.', 'ஜானகிராமன் தி.' என்று ஒரே எழுத்தாளரை நான்கு விதமாக எழுதுகிறோம். 'மோகமுள்' என்று சேர்த்தும் 'மோக முள்' என்று பிரித்தும் எழுதுகிறோம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறு வேறாகப்படுவதால், ஒரே நூல் தளத்தில் இரண்டு மூன்று இடங்களில் பதிவாகி, வாசகர் கருத்துகளும் அதற்கேற்பச் சிதறிக் கிடக்கின்றன. அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதி, புதிதாக நூலைச் சேர்ப்பதற்கு முன் மற்ற எழுத்து வடிவங்களிலும் ஒருமுறை தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்த்தவர் பெயரை விடாதீர்கள். பதிப்பகம், பதிப்பு ஆண்டு, இருந்தால் பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் (நூலின் தனி அடையாள எண்) ஆகியவற்றைக் கடைசி வரியில் கொடுத்தால் கடைக்காரரிடம் கேட்பவருக்கு உதவும். படத்தைக் காலை வெளிச்சத்தில் திண்ணையிலோ சன்னலருகிலோ வைத்து எடுத்தால் போதும். முதல் பக்கத்தை எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை: பழைய நூல்களில் முன்பு வைத்திருந்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதப்பட்டிருக்கும், நூலக உறுப்பினர் அட்டை உள்ளே செருகியிருக்கும். அவற்றை விரலால் மறைத்துவிட்டு எடுங்கள்.

கதையை எவ்வளவு சொல்வது

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு நாவலைப் பற்றி உற்சாகத்தோடு மிக நீளமாக எழுதிவிட்டேன். மறுநாள் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். 'தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அந்தப் பொண்ணு கடைசில என்ன ஆகுறான்னு நீங்களே சொல்லிட்டீங்களே. நான் அறுபதாம் பக்கத்துல இருக்கேன்' என்றார். 'மன்னிச்சுக்குங்க சார், கவனிக்காம விட்டுட்டேன்' என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு அந்த நாவல் இனி ஒருபோதும் முதல் வாசிப்பாகக் கிடைக்காது என்ற எண்ணம் பல நாட்கள் என்னை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவு எளிமையானது: பின்னட்டையில் உள்ளதும் முதல் கால்பகுதியில் உள்ளதும் பொதுவில் சொல்லத்தக்கவை, அதற்கு மேல் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், 'இனி வருவது நூலை முடித்தவர்களுக்கு' என்று தனி வரியில் எழுதி, சற்று இடம் விட்டுத் தொடங்குகிறேன். டெலிகிராமிலும் குட்ரீட்ஸிலும் அந்தப் பகுதியை மறைத்துவைத்து, விரும்புபவர் மட்டும் தொட்டுத் திறந்து படிக்கும் வசதி உண்டு. எல்லாரும் அறிந்த நிகழ்வை வைத்து எழுதிய நாவலுக்கும் இது பொருந்தும். 1968இல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமை நாட்டுக்கே தெரிந்தது. ஆயினும் அதைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லில் எந்தப் பாத்திரம் என்ன ஆகிறது என்பது வாசகர் தாமே சென்றடைய வேண்டியது.

டெல்டாவைப் பற்றிய நூல்களை டெல்டாவில் இருந்துகொண்டு பகிரும்போது இன்னொரு பொறுப்பும் வந்து சேர்கிறது. 'இந்தப் பாத்திரம் எங்கள் தெருவில் இருந்த இன்னார்தான்' என்று எழுதும் ஆசை நமக்கு எளிதில் வரும். தெருவும் குளமும் கோயிலும் நமக்குத் தெரிந்தவையாக இருப்பதால் மனிதர்களையும் பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. அந்தக் குடும்பத்தார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், அவர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள். இடங்களை அடையாளம் காட்டுங்கள், அது வெளியூர் வாசகருக்குப் பேருதவி. மனிதர்களை அடையாளம் காட்ட வேண்டாம்.

பிடித்த நூல்களின் பட்டியல்

பத்து நூல்களை எண்ணிட்டுப் போடும் பட்டியலைப் பலரும் விரும்பிப் படிக்கிறார்கள், பாராட்டுகிறார்கள். அதிலிருந்து ஒன்றையேனும் எடுத்துப் படித்தவர் குறைவு என்பது என் அனுபவம். மூன்று நூல் போதும், ஒவ்வொன்றுக்கும் 'யாருக்கு' என்பது எழுதப்பட்டிருந்தால். கும்பகோணத்தோடு தொடர்புள்ள எழுத்தாளர்களையே எடுத்துக்கொண்டால், ஒரே மூச்சில் படித்து முடிக்கும் சிறுகதையை நாடுபவருக்கும், சொல்லாமல் விடப்பட்டதைக் கண்டுகொள்வதில் மகிழ்பவருக்கும் கு.ப. ராஜகோபாலன், மனம் தன்னோடு தானே போராடுவதைத் துணிந்து பார்க்க விரும்புபவருக்கு, சாகித்திய அகாதெமி விருது பெற்ற எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்', இசை கேட்பவருக்கும், இளமையில் ஒருவரை எண்ணி உருகியவருக்கும் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. இப்படிச் சொன்னால், படிப்பவர் மூன்றில் தமக்குரியது எது என்று உடனே தெரிந்துகொள்கிறார், மற்ற இரண்டைத் தம் நண்பருக்குச் சொல்கிறார்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காவது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் அமைத்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரே. நூல் எங்கேயோ இருக்கிறது, வாசகர் எங்கேயோ இருக்கிறார் என்ற இடைவெளியை அந்த வண்டி சக்கரத்தால் கடந்தது. நாம் இரண்டு வரிக் குறிப்பால் கடக்கப் பார்க்கிறோம். ஆகவே, பட்டியலை எழுதிய பிறகு நான்காவது விதியை மனத்தில் வைத்து, நீக்கக்கூடிய பெயர்களை நீக்கிவிடுகிறேன்.

நட்சத்திரம் இடும் தளங்களில் ஒரு சொல். குட்ரீட்ஸ் தன் அளவுகோலில் மூன்று நட்சத்திரத்துக்குக் கொடுத்திருக்கும் பொருள் 'பிடித்திருந்தது' என்பதுதான். நம்மவர்களோ மூன்றைக் கண்டால் நூலை ஒதுக்கிவிடுகிறார்கள், எழுத்தாளர்கள் மனம் நோகிறார்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டு இரண்டு வரி எழுதுவதே மேல். பிடிக்காத நூலைப் பற்றி எழுதும்போது, எதை எதிர்பார்த்துத் தொடங்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குக் கிடைக்காதது மற்றொருவர் தேடாததாக இருக்கலாம்.

'பிடிஎஃப் இருக்கிறதா?'

எந்த நூலைப் பகிர்ந்தாலும் அடுத்த நிமிடம் வரும் கேள்வி இது. கேட்பவர் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. நானூறு ரூபாய் கொடுத்து நாவல் வாங்க எல்லா வீட்டிலும் முடிவதில்லை. ஆனால் பதில் சட்டத்துக்கும் நேர்மைக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. 1942இல் மறைந்த உ.வே.சா., 1944இல் மறைந்த கு.ப.ரா. ஆகியோரின் எழுத்துகள் எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டன. 1982இல் மறைந்த ஜானகிராமனின் எழுத்துகளுக்கு 2042 முடியும் வரை உரிமை உண்டு, இடையில் அரசு நாட்டுடைமையாக்கினால் ஒழிய. பொதுவுடைமையான நூல்களை மதுரைத் திட்டம், விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் தேடி, கிடைத்த பக்கத்தின் இணைப்பை அனுப்புங்கள். உரிமையுள்ள நூலென்றால் எந்த ஊர் நூலகத்தில் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம். அந்த அலமாரிகள் நம்முடையவை. அதுவும் இயலாதபோது என் பிரதியையே, அந்தப் பக்கம் போகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மன்னார்குடிப் பேருந்தில் போன நூல்களில் திரும்பி வராதவை இரண்டுதான்.

எழுதியதைச் சேர்த்து வைப்பது

2018 நவம்பர் 16 அன்று விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டின் ஓடுகள் பறந்தன. மர அலமாரியில் இருந்த நூல்கள் அனைத்தும் நனைந்து, தாள்கள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. மின்சாரம் திரும்பிய பிறகு குழுவில் என் பழைய பதிவுகளைப் பின்னோக்கித் தேடிப் போனேன். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, எங்கே வாங்கியது என்று நான் எழுதியிருந்த கடைசி வரிகளைக் கொண்டே, இழந்தவற்றின் கணக்கை ஒரு நோட்டில் எழுதி முடிக்க முடிந்தது. அட்டையை மட்டும் போட்டிருந்த நூல்களின் படங்கள் பலவும் திறக்கவில்லை; என்னிடம் என்ன பதிப்பு இருந்தது என்பதே அவற்றைப் பொறுத்தவரை தெரியாமல் போயிற்று.

அதனால் மாதத்துக்கு ஒருமுறை, ஏற்றுமதி வசதி உள்ள குழு உரையாடலைக் கோப்பாக எடுத்து மின்னஞ்சலில் சேமிக்கிறேன். குட்ரீட்ஸ் கணக்கிலிருந்தும் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நீளமான குறிப்புகளை நோட்டிலும் கையால் எழுதி வைக்கிறேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில், எனக்கு நூல்களைச் சொன்னவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் சொல்லி நான் படித்த நூல். வலங்கைமான் ஆசிரியருக்கு எதிரே இதுவரை ஆறு நூல்கள் சேர்ந்திருக்கின்றன.